அரை மில்லிமீட்டரும் இரண்டு கிலோமீட்டரும்



ஒரகடம் டீக்கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. "நம்ம ஏரியாவுக்கு ஒரு துப்பாக்கி சுடும் தளம் வேணும்டா. போலீசும் சுடட்டும், நாமளும் கத்துக்கலாம்" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். என் அறைத்தோழன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு அது விளையாட்டு. எங்க ஊர்ல வந்து இதைச் சொல்லிப் பாரு" என்றான். அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் ஹாஸ்டலில் விளக்கு அணைந்த பிறகும் ஓயவில்லை. அதன் விளைவுதான் இக்கட்டுரை.

அவன் கோபத்தில் நியாயம் உண்டு. 2021 டிசம்பர் 30-ஆம் நாள், நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் உள்ள காவல்துறைத் தளத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் தந்தது; தளம் மூடப்பட்டது. ஒரு படையின் தளத்தை இன்னொரு படை பகிர்ந்துகொண்டது. பக்கத்து ஊர் மக்களின் பங்குக்கு வந்தது என்ன? சத்தமும் பயமும், கடைசியில் ஒரு பிள்ளையின் உயிரும்தான்.

அப்படியென்றால் என் ஆசையைக் கைவிட வேண்டியதுதானா? இல்லை என்றே நினைக்கிறேன். சென்னை எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலக வளாகத்தில் ரைபிள் கிளப் இயங்குகிறது. திருச்சி கே.கே.நகர் ஆயுதப்படை மைதானத்தில் இருக்கும் ரைபிள் கிளப்பில் 2022 ஜூலையில் மாநிலப் போட்டியே நடந்தது. நடிகர் அஜித்குமார் சுட வந்ததால் கூடிய கூட்டத்தை நாமும் டி.வி.யில் பார்த்தோமே! காவல்துறை இடத்தில் பொதுமக்களும் பழகலாம் என்பதற்கு இவை சாட்சி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் குஜராத்தில் வளர்ந்து, அங்கே பயிற்சி பெற்றுத்தான் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் வரை போனார். இங்கேயே இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வாய்ப்பு வேண்டாமா?

நண்பர்களே, நாம் டிப்ளமோ படிப்பவர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்கு நான்கு சுவரும் கூரையும் உள்ள ஒரு ஹால் போதும். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு அந்த ஹாலைத் தாண்டாது. இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்! நாம் லேபில் வெர்னியர் காலிப்பரை வைத்து அளக்கிறோமே, அதே அரை மில்லிமீட்டர். படையினரின் ரைபிளோ வேறு. குறி தவறினால், தடுக்கும் மண்மேடு சரியில்லாவிட்டால், அதன் குண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்கும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியே பாருங்கள். கம்பெனி, அதை ஒட்டி ஏரி, ஏரிக்கரையில் ஊர், ஊரைச் சுற்றித் தொழிலாளர் விடுதிகள். இரண்டு கிலோமீட்டருக்கு ஆளில்லாத வெளி எங்கே இருக்கிறது? ஆகவே திறந்தவெளித் தளம் இங்கே வேண்டவே வேண்டாம். நமக்கு வேண்டியது பத்து மீட்டர் ஹால்.

அதைப் போலீசும் மக்களும் எப்படிப் பகிர்வது? காலையில் காவலர்கள் பழகட்டும். மாலையில் ஷிப்டு முடிந்து வருபவர்களுக்கும் பள்ளி மாணவ மாணவியருக்கும் நேரம் ஒதுக்கட்டும். போட்டிக்கான ஒரு ஏர் ரைபிள் லட்ச ரூபாய்க்கு மேல். நம் வீட்டில் வாங்க முடியுமா? பொதுவில் சில ரைபிள்கள் வாங்கி, காவல்துறைப் பொறுப்பிலேயே பூட்டி வைக்கலாம். நம் ஒர்க்‌ஷாப்பில் ஷூ இல்லாமல் லேத் பக்கம் போனால் இன்ஸ்ட்ரக்டர் வெளியே அனுப்பிவிடுவார் அல்லவா? அதுபோல, அதிகாரியானாலும் அப்ரண்டிஸ் ஆனாலும் அங்கே விதி ஒன்றே என்றிருக்க வேண்டும். மேற்பார்வைக் குழுவில் உள்ளூர்க்காரர்களும் இருக்க வேண்டும். 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கும் வேண்டும். அதுதான் உண்மையான பங்கு.

இன்னொரு லாபமும் உண்டு. இன்றைக்குப் போலீஸ்காரரை நாம் சந்திப்பது "வண்டிய ஓரங்கட்டு, லைசென்ஸ எடு" என்கிற இடத்தில் மட்டும்தான். பக்கத்துப் பக்கத்தில் நின்று மூச்சை அடக்கிக் குறி பார்த்துப் பழகினால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் பயம் தெளியும்.

எழுதி முடித்து அறைத்தோழனிடம் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தான். "ஹால்னா சரி. ஆனா கட்டுறதுக்கு முன்னாடி ஊர்க்காரங்களக் கேக்கச் சொல்லு" என்றான். அதையும் சேர்த்துவிட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் சிந்திப்பார்களாக!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை