பயோடேட்டாவை அவளே எழுதட்டும்

புதுச்சேரி நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், காலாப்பட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைச்சாவடி. கடல் அரித்துத் தின்றுகொண்டிருக்கும் மீனவர் குடியிருப்பு என்று ஒரு தரப்பாருக்கு அந்த ஊரைத் தெரியும். 1980களின் நடுவில் தொடங்கி, 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அரசுப் பொறியியல் கல்லூரியின் முகவரி என்றுதான் பெரும்பாலோருக்குத் தெரியும். இந்த முகவரியிலிருந்து ஆண்டுதோறும் பட்டத்தோடு வெளியே வரும் இளம்பெண்களில் பலரைப் பற்றி இரண்டு தாள்கள் தயாராகின்றன. ஒன்று, வளாக நேர்காணலுக்காக அவளே உட்கார்ந்து எழுதும் ரெஸ்யூம். மற்றது, ஓரிரு ஆண்டு கழித்து அப்பாவோ சித்தப்பாவோ தரகர் கேட்டபடி எழுதிக் கொடுக்கும் கல்யாண பயோடேட்டா. முதல் தாளில் அவள் செய்த புராஜெக்ட் இருக்கும், ஆடிய ஆட்டம் இருக்கும், என்ன ஆக விரும்புகிறாள் என்று இரண்டு வரி இருக்கும். இரண்டாவதில் ராசி, நட்சத்திரம், உயரம், நிறம், சம்பளம், தகப்பனார் உத்தியோகம், உடன்பிறந்தோர் விவரம். கடைசியில் 'எதிர்பார்ப்பு' என்று ஒரு பகுதி வரும். அதுவும் குடும்பத்தின் எதிர்பார்ப்புதான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே பெண்ணைப் பற்றியவை என்று நம்புவது கடினம்.

மணமாகாத இளம்பெண் தன்னைப் பற்றித் தானே எழுதும் உரிமை நம் ஊரில் வேலை தேடும்போது மட்டும் கிடைக்கிறது, அதுவும் சில மாதங்களுக்கு. அதற்கு முன்னும் பின்னும் அவளைப் பற்றிப் பிறர்தான் எழுதுகிறார்கள். குடும்பம், ஊர், தொழிற்சாலை, அரசு என்று யார் எழுதினாலும் 'திருமணமாகாதவர்' என்பது பல தகவல்களில் ஒன்றாக நிற்பதில்லை, தலைப்பாகிவிடுகிறது. அவளுடைய விருப்பங்களும் கனவுகளும் அந்தத் தலைப்புக்குக் கீழே, இடமிருந்தால் சேர்க்கும் விஷயங்களாகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

புதுச்சேரியை எடுத்துக்காட்டாகக் கொள்ளக் காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஆயிரம் ஆண்களுக்கு 1,037 பெண்கள். உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் 2021-22ஆம் ஆண்டு மத்திய அரசு அறிக்கையில் 61.5 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4 தான். வெளியூரிலிருந்து இங்கே வந்து படிப்பவர்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள் என்றாலும், பெண்ணைப் படிக்கவைக்கத் தயங்காத ஊர் என்பதில் ஐயமில்லை. அப்படிப்பட்ட ஊரின் கல்யாணச் சந்தையில் பட்டத்தையும் முந்திக்கொள்ளும் தகுதி ஒன்று இருக்கிறது: பிரெஞ்சுக் குடியுரிமை. பிரெஞ்சிந்தியப் பகுதிகளை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர ஆறு மாதம் அவகாசம் தரப்பட்டது. அப்போது 'ஆம்' என்ற தாத்தா, பெரும்பாலும் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. அவருடைய பேத்திக்கு வரன் கேட்டு வருபவர்களில் எத்தனை பேர் அவள் என்ன படித்தாள், எதில் ஆசை வைத்திருக்கிறாள் என்று விசாரிக்கிறார்கள்? பாஸ்போர்ட்டைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். தாத்தா எடுத்த முடிவு பேத்தியின் முதல் தகுதியாகிவிடுகிறது. பிற ஊர்களில் நிறமும் நகையும் செய்யும் வேலையை இங்கே ஒரு குடியுரிமைச் சான்று செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண் தன்னைப் பற்றி எழுதாமல் போனது எழுதத் தெரியாததால் அல்ல. தமிழின் மிகப் பெரிய நாட்குறிப்பு புதுச்சேரியில்தான் எழுதப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும் தறுவாய்வரை கப்பல் வரவையும் சரக்கு விலையையும் கவர்னர் துய்ப்ளேயின் கோபதாபங்களையும் தன் மனக்கணக்குகளையும் எழுதிவைத்தார். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், பாரதி இங்கே வாழ்ந்த 1908 முதல் 1918 வரையான ஆண்டுகளில், அவருடைய வீட்டைச் சுற்றி வளர்ந்த சிறுமிகள் இருவர் பிற்காலத்தில் புத்தகம் எழுதினார்கள். மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள் எழுதியது 'பாரதி நினைவுகள்'. பாரதியின் இளைய மகள் சகுந்தலா எழுதியது 'என் தந்தை'. இரண்டும் அருமையான நூல்கள். அவை இல்லாவிட்டால் பாரதியின் புதுச்சேரி வாழ்வு பாதி இருட்டில் கிடந்திருக்கும். ஆனால், அந்தச் சிறுமிகளுக்கு என்ன பிடித்தது, வளர்ந்து என்னவாக நினைத்தார்கள் என்பதை வரிகளுக்கு இடையே துழாவித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பேனா கையில் வந்தபோதும், பெரிய மனிதர் ஒருவரைப் பற்றி எழுதினால்தான் மதிப்பு என்று காலம் சொல்லியிருந்தது. நிலைமை மாற நெடுங்காலம் ஆயிற்று. துறவற சபையிலிருந்து வெளியேறிய, முப்பதுகளில் இருந்த மணமாகாத பெண் ஒருவர் 1992இல் 'கருக்கு' என்ற பெயரில் தன் கதையைத் தன் தெருவின் பேச்சுமொழியிலேயே எழுதினார். முதலில் பாமாவுக்கு அது சொந்த ஊரின் கோபத்தைத்தான் சம்பாதித்துக் கொடுத்தது. பல்கலைக்கழகங்கள் பாடமாக வைத்ததெல்லாம் பிற்பாடு.

தன்வரலாறு எழுதுவது எல்லோருக்கும் ஆகாது. ஒரு பக்கத்தில் தன்னைச் சொல்லிக்கொள்வதற்கே என்ன எதிர்வினை வந்தது என்று பார்க்கலாம். 2015 தொடக்கத்தில், பெங்களூருவில் இருபதுகளில் இருந்த பெண் ஒருவர், பெற்றோர் தன் விவரத்தை வரன் தேடும் தளத்தில் போட்டுவிட்டதைக் கண்டு, தானே ஓர் இணையப் பக்கம் தயாரித்தார். முடி நீளமாக வளர்க்க மாட்டேன், கண்ணாடி போடுவேன், பூப்பந்து ஆடுவேன், பாடுவேன், ஆடுவேன், கல்யாணத்துக்கு ஏற்ற சரக்கு நானல்ல என்ற தொனியில் எழுதியிருந்தார். சில நாட்களில் நாடு முழுக்கப் பரவியது. பாராட்டியவர்களும் திட்டியவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்: இது ஒரு கலகம் என்றார்கள். உண்மையில் அதில் கலகம் ஏதுமில்லை. பிடித்ததையும் பிடிக்காததையும் மறைக்காமல் எழுதிய சாதாரணச் சுயவிவரம் அது. அப்படிப்பட்ட ஒன்று செய்தியாகிறது என்றால், வழக்கமாக எழுதப்படும் விவரங்களில் உண்மை எவ்வளவு குறைவு என்பதற்கு அதுவே சாட்சி.

வீட்டைத் தாண்டினாலும் கதை வேறில்லை. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளில் வரி கட்டும் அலகு 'தலைக்கட்டு'. பொதுவாக அது மணமான ஆண். 2004 சுனாமிக்குப் பின் பல ஊர்களில் நிவாரணப் பொருட்கள் இந்தப் பட்டியலை வைத்துப் பங்கிடப்பட்டபோது, தனித்து வாழும் பெண்கள் விடுபட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊர்க் கணக்கில் பெயரே இல்லாதவளின் விருப்பத்தை யார் கேட்கப்போகிறார்கள்? நவீனத் தொழிற்சாலை இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்து அதே இடத்தில் நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தி சொல்வது உண்மையானால், ஊர் எந்தக் காரணத்துக்காக அவளை விலக்கியதோ அதே காரணத்துக்காக ஆலை அவளை அழைத்திருக்கிறது. அவளுடைய திறமையைப் பற்றி இரண்டு தரப்புமே பேசவில்லை.

அரசு மனம் மாற முடியும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. புதுச்சேரிக்கும் பிள்ளைச்சாவடிக்கும் நடுவே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்கள் குறுக்கிடுகின்றன. அங்கே 1989 முதல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் நடந்தது. 2011இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. படிப்புத் தகுதியை நிபந்தனையாக வைத்ததால் அந்தத் திட்டமும் பெண்கல்வியை வளர்த்தது என்பதை மறுக்கக் கூடாது. ஆனாலும் பணம் கைக்கு வரக் கல்யாணம் நிச்சயமாக வேண்டும். 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக, 'புதுமைப் பெண்' என்ற பெயரோடு மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகிறது. வருங்கால மணப்பெண்ணாகப் பார்த்த கருவூலம் அவளை மாணவியாகப் பார்க்கத் தொடங்கியது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய இராமாமிர்தம் அம்மையாரின் பெயருக்கு இந்த இரண்டாவது வடிவம்தான் பொருத்தம் என்பது என் கருத்து. வருமானமில்லாத வீட்டில் தாலித் தங்கம் பெரிய ஆறுதல் என்று அப்போது எழுந்த ஆட்சேபம் நியாயமற்றது அல்ல. அந்தத் தங்கம் இல்லாமல் கல்யாணம் நிற்கும் என்ற நிலைமைதான் நியாயமற்றது.

இனி எதிர்வாதங்கள். பெற்றோர் அனுபவசாலிகள், மகளின் நன்மை அவர்களுக்குத் தெரியும் என்பது முதல் வாதம். தெரிந்திருக்கலாம். ஆனால், 2011-12ஆம் ஆண்டு இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், கணவரைத் தேர்ந்தெடுக்கும் முடிவு முழுக்கத் தன் கையில் இருந்ததாகச் சொன்ன பெண்கள் ஏறக்குறைய 5 விழுக்காடுதான். பெற்றோரின் அனுபவத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது என்று கவலைப்படும் அளவுக்கு எதுவும் நடந்துவிடவில்லை. அதோடு, பயோடேட்டாவை மகள் எழுதினால் பெற்றோர் விலக்கப்படுவதில்லை. வரன் தேடுவதும் விசாரிப்பதும் அவர்கள் செய்யட்டும். தேடுவது யாருக்காக என்பதையாவது அவள் வாயால் கேட்டுக்கொண்டு தேடட்டும். பாடப் பிடிக்கும் என்பதை மறைத்து, மேற்படிப்பு ஆசையை மறைத்து நடக்கும் கல்யாணத்தில் ஏமாறுவது பெண் மட்டுமில்லை, அந்தப் பையனும்தான்.

இருபத்து மூன்று வயதில் சொல்லும் விருப்பம் முப்பதில் மாறிவிடும், அதை எதற்குப் பெரிதாக எடுத்துக்கொள்வது என்பார்கள். அதே வயது ஆணின் விருப்பமும் மாறுகிறது. அவனுக்கு அதை 'வளர்ச்சி' என்கிறோம். இதைவிடக் கூர்மையான வாதம் வேறொன்று: இன்ஸ்டாகிராம் காலத்தில் இளம்பெண்கள் தங்களைப் பற்றிச் சொல்லாமலா இருக்கிறார்கள்? அளவுக்கு மீறியல்லவா சொல்கிறார்கள்? இதில் உண்மை இருக்கிறது. லைக் வாங்கத் தீட்டிய படமும் பிறர் கண்ணுக்காகத் தீட்டியதுதான். தரகருக்காக எழுதிய தாளுக்கும் அதற்கும் சில சமயம் தூரம் அதிகமில்லை. ஆனால் இந்த வாதம் என் கருத்தை வலுப்படுத்தவே செய்கிறது. சொல்லும் பழக்கம் இருக்கிறது, அதைக் கேட்டு முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் கேட்பதில்லை. வீட்டில் யாரும் கேட்காததை ஊருக்குக் காட்டுவதில் வியப்பென்ன?

வயிற்றுப்பாட்டுக்கே அல்லாடும் வீட்டில் விருப்பம், கனவு என்பதெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரம் என்பது மிச்சமிருக்கும் வாதம். மீன் கூடை சுமந்து விற்று மகளைப் படிக்கவைக்கும் தாயிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். கடல் வீட்டு வாசல்வரை வந்துவிட்ட கரையில், மகள் வேறொரு வாழ்க்கையை விரும்புவதுதான் அந்தக் குடும்பத்தின் ஒரே முதலீடு. ஆடம்பரம் எது என்பதை நேரக்கணக்கு வேறு விதமாகக் காட்டுகிறது. 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். அந்த இடைவெளி மூன்று மணி நேரத்துக்கும் மேல். பூப்பந்து ஆடியவள், கதை எழுதியவள், மென்பொருளில் புதிதாக ஒன்றைக் கற்க நினைத்தவள் எங்கே போனாள் என்று தேடுபவர்கள் அந்த மூன்று மணி நேரத்தில் தேடலாம். கல்யாணத்துக்கு முன்பே எழுத்தில் பதிவாகாத விருப்பத்துக்கு, கல்யாணத்துக்குப் பின் யாரும் நேரம் ஒதுக்கித் தருவதில்லை.

சட்டத் திருத்தமோ அரசாணையோ இதற்குத் தேவையில்லை. வேலை விண்ணப்பங்களில் பணிக்குத் தொடர்பில்லாத மண நிலைக் கேள்வியை நிறுவனங்கள் எடுத்துவிடலாம். வளாக நேர்காணலுக்கு ரெஸ்யூம் எழுதக் கற்றுத்தரும் கல்லூரிகள், நிறுவனத்தின் கண்ணுக்காக அல்லாமல் தன்னைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதவும் மாணவிகளுக்குப் பழக்கம் தரலாம். பெற்றோர் செய்யவேண்டியது இன்னும் எளிது. வரும் தை மாதத்துக்காக இப்போதே பயோடேட்டா தயாரித்துக்கொண்டிருப்பவர்கள் அந்தத் தாளை மகளிடம் கொடுத்துவிடுங்கள். ராசியும் நட்சத்திரமும் கடைசி வரியில் இருக்கட்டும். மேலே உள்ள இடம் முழுவதையும் அவள் எழுதட்டும். எழுத இப்போது விருப்பமில்லை என்று அவள் சொன்னால், இந்தத் தையில் வரன் பார்ப்பதை விட்டுவிடுங்கள்.