கம்பெனி மாறினால் கருவி குப்பையா?

உடையார்பாளையத்தில் நெசவாளர் தெருவில் ஒரு வீடு. கணவனும் மனைவியும் தறியில் உட்காருகிறவர்கள். மகளின் படிப்புக்காக ஒரு தனியார் கம்பெனியிடம் பிராட்பேண்ட் இணைப்பு எடுத்தார்கள். கம்பெனி ஒரு ரவுட்டர் பெட்டியும் ஒரு கார்டுலெஸ் போனும் கொடுத்தது. "இலவசம்" என்றது. மாதக் கட்டணமோ ஏறிக்கொண்டே போனது. தாங்காமல் வேறு கம்பெனிக்கு மாறினார்கள். பழைய கம்பெனி கருவிகளைத் திரும்பக் கேட்கவில்லை. புதிய கம்பெனியின் ஆள் வந்தார். பழைய போனைப் பார்த்தார். "இது இனி ஆகாதுங்க, தூக்கிப் போடுங்க. புதுசு இரண்டாயிரம் ரூபாய் ஆகும்" என்றார்.

இரண்டாயிரம் ரூபாய் மிஞ்ச வேண்டுமானால் எத்தனை நாள் தறி மிதிக்க வேண்டும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியுமா?

நாம் அந்தப் போனை எடுத்துப் பார்த்தோம். அதன் தாங்கியிலிருந்து வரும் மெல்லிய ஒயரைப் புதிய பெட்டியின் பின்னாலுள்ள டெலிபோன் துளையில் செருகினோம். உடனே ரீங்கார ஒலி வந்தது. போன் பேசியது! ஆனால் பழைய ரவுட்டர் பெட்டி மட்டும் அசையவில்லை. கம்பெனி அதைத் தன் மென்பொருளால் பூட்டி வைத்திருந்தது.

ஒரே வீடு, ஒரே கம்பெனி கொடுத்த இரண்டு கருவிகள். ஒன்று உயிரோடு இருக்கிறது, ஒன்று செத்துக் கிடக்கிறது. காரணம் என்ன? போனின் ஒயர் எல்லோருக்கும் பொதுவான அளவில் செய்யப்பட்டது. பெட்டி ஒரு முதலாளிக்கு மட்டும் கட்டுப்பட்டது.

நெசவாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறி சொந்தமாக இருந்தால், ஒரு முதலாளி கூலியைக் குறைக்கும்போது இன்னொருவரிடம் பாவு வாங்கி நெய்யலாம். தறியும் முதலாளியுடையது என்றால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பூட்டிய பெட்டி என்பது முதலாளியின் தறி. "போட்டி வந்தால் ஜனங்களுக்கு நன்மை" என்று முழங்குகிறவர்கள், ஜனங்கள் கம்பெனி மாறும் வழியில் இந்தப் பூட்டைத் தொங்க விடுகிறார்கள்.

பழைய கதை

இது இன்று தொடங்கியதல்ல. 2003இல் ரிலையன்ஸ் கம்பெனி 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைபேசி என்று ஊரெங்கும் தம்பட்டம் அடித்தது. டாட்டா கம்பெனி 'வாக்கி' என்ற கம்பியில்லா வீட்டுப் போனைக் கொடுத்தது. இவை சி.டி.எம்.ஏ. முறையில் இயங்கியவை. பெரும்பாலான கருவிகளில் சிம் அட்டை கிடையாது. எண் கருவிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. 2017இல் ரிலையன்ஸ் தன் சேவையை மூடியது. அதே ஆண்டில் டாட்டா தன் கைபேசித் தொழிலை ஏர்டெலிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. முதலாளிகள் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிய கருவிகள் பரண்மேல் ஏறின.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் ஏ.டி.அண்டு டி. என்ற ஏகபோகக் கம்பெனி, தன் கருவியைத் தவிர வேறெதையும் தன் லயனில் மாட்டக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தது. 1968இல் 'கார்ட்டர்போன்' வழக்கில் அந்தத் தடை உடைந்தது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்டு 1 முதல், தனக்குப் பிடித்த ரவுட்டரை மாட்டிக்கொள்ளும் உரிமையைச் சட்டமே வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கிறது. முதலாளித்துவ நாடுகளிலேயே முடிந்த காரியம் இது!

நம் நாட்டில் என்ன நிலை? வீட்டுக்கு நேரே டி.வி. ஒளிபரப்பும் கம்பெனிகளுக்கு 2001இல் வகுத்த நிபந்தனையிலேயே, ஒருவர் பெட்டி மற்றவரிடமும் இயங்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. 2020 ஏப்ரலில் டிராய் அதையே மறுபடியும் சிபாரிசு செய்ய வேண்டி வந்தது. ஏன்? முதல் நிபந்தனை காகிதத்திலேயே தூங்கியதால்தான்! 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் கார்டுலெஸ் போனும் இருக்கிறது. கழிவான பின் என்ன செய்வது என்று விதி பேசுகிறது. நல்ல கருவியைக் கழிவாக்கும் பூட்டை யார் உடைப்பது?

வாசகர்கள் செய்ய வேண்டியது

கம்பெனி மாறும்போது பழைய போனை அவசரப்பட்டு எறியாதீர்கள். தாங்கியில் டெலிபோன் ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், புதிய இணைப்பில் டெலிபோன் வசதியும் சேர்ந்திருந்தால், பெரும்பாலும் அது பேசும். தாங்கி இல்லாமல் ரவுட்டரோடு நேரே பேசும் கைப்பிடியாக இருந்தால், புதிய ரவுட்டருக்கும் அந்த வசதி உண்டா என்று கேளுங்கள். 'டெக்ட்' என்ற பொது முறையில் செய்த கைப்பிடியை, கம்பெனி பூட்டாதிருந்தால், புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம். கருவி வாடகையா, விலையா, முன்பணம் உண்டா என்பதை இணைப்பு எடுக்கும் அன்றே எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால் தனி மனிதரின் சாமர்த்தியம் மட்டும் போதாது. சர்க்கார் சட்டம் கொண்டுவர வேண்டும். வாடிக்கையாளர் விலகும் நாளிலேயே கம்பெனி தன் செலவில் பூட்டைத் திறந்துவிட வேண்டும். அல்லது கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முன்பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். பி.எஸ்.என்.எல். இதில் வழிகாட்ட வேண்டும். டெலிபோன் இலாகா நாளில் ஒரு வீடு ஒப்படைத்த கருவி, பழுது பார்க்கப்பட்டு இன்னொரு வீட்டில் மணி அடித்தது. பொதுச் சொத்து என்பதற்கு அதுதான் பொருள்.

காசு நம்முடையது என்றால் கருவியும் நம்முடையது. அதன் சாவி மட்டும் முதலாளியின் மடியில் இருப்பதை எத்தனை நாள் பொறுப்பது?