நாட்காட்டி வைத்தியம்

குதிரையின் குடற்புழுவைப் பற்றி எழுதக் கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு என்ன தகுதி உண்டென நண்பர் சிலர் நகைத்தனர். மருந்தூட்டல் சடங்காக மாறுமிடத்து அதனை வினவுதல் கலைப்பீடத்தாருக்கும் உரிய பணியே என்பது அவர்களுக்கு நான் இறுக்கும் விடை.

1960களின் தொடக்கத்தில் தயபென்டசோல் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. மேயும் குதிரைகளை அந்நாளில் பெரிதும் வருத்தியது பெருஞ் செம்புழு. புல்லோடு உட்செல்லும் அதன் குடம்பி, குடலுக்குக் குருதி கொண்டு செல்லும் நாடியிற் புகுந்து அதனை அடைக்கும். குதிரை வயிற்று நோவால் உருண்டு மடியும். 1966இல் கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ரட்ஜ், லயன்ஸ் என்போர், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குதிரைகள் யாவற்றுக்கும் மருந்தூட்டுமாறு விதந்துரைத்தனர். அன்றைய நிலையில் அது அறிவார்ந்த முடிபே. பெருஞ் செம்புழுவும் அருகிற்று. எனவே குறைகூறப்பட வேண்டியோர் அவ்விருவரல்லர். பகை மாறிய பின்னரும் அதே கணையை இன்றுவரை எய்துகொண்டிருப்போரே.

பெரியதன் இடத்தைச் சிறு செம்புழு பிடித்துக்கொண்டது. அதன் குடம்பிகள் குடற்சுவரினுள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, ஒருங்கே வெளிப்படுங்கால் கடுங்கழிச்சலை உண்டாக்குவன. மந்தை முழுவதற்கும் மருந்தூட்டுந்தோறும் எஞ்சுவன மருந்துக்குப் பணியாத புழுக்களே. புற்றரையை நிரப்புவனவும் அவற்றின் சந்ததியே. கூர்ப்புக் கொள்கையை விரிவுரை மண்டபத்தில் ஏற்றுக்கொள்வோர் இலாயத்தில் அதனை மறப்பது விந்தை. தயபென்டசோலும் அதன் இனத்து மருந்துகளும் இன்று பல நாடுகளிற் சிறு செம்புழுவிடம் தோற்றுவிட்டன. 1981இல் விற்பனைக்கு வந்த ஐவர்மெக்ரினைக் கண்டறிந்தோர்க்கு 2015இல் நோபெல் பரிசு கிடைத்தது. அம்மருந்தூட்டிய பின்னரும் முன்னையிலும் விரைவாக முட்டைகள் மீளத் தோன்றுவதை ஆய்வாளர் இப்போது காண்கின்றனர்.

“மருந்து மலிவானது, கொடுத்தால் என்ன கேடு?” என்பர். கேடு அம்மலிவிலேயே உள்ளது. ஒரு மந்தையின் முட்டைகளிற் பெரும்பங்கை வெளியேற்றுவன ஒருசில குதிரைகளே. வளர்ந்த குதிரைகள் பல தம் நிர்ப்பீடனத்தாலேயே புழுவை அடக்கி வைத்திருக்கும். எவை எவையென அறிய, சிறிதளவு இலத்தியும் ஒரு நுணுக்குக்காட்டியும் போதும். ஒரு கிராமில் ஏறத்தாழ 200 முட்டைகளுக்குக் குறைந்த வளர்ந்த குதிரையை விட்டுவிடலாம். அதன் வயிற்றில் மருந்தைச் சந்தியாது வாழும் புழுக்கள், பணியாத புழுக்களின் பெருக்கத்தைக் கலந்து தணிக்கும். வாரம் இருமுறை புற்றரையிலிருந்து இலத்தியை அள்ளுவதும், அதே புல்லில் மாடுகளையோ செம்மறிகளையோ மாறி மேயவிடுவதும் மருந்தின்றியே பயன் தருவன. மண்வெட்டிக்கு விளம்பரம் இல்லாமையால் இவற்றை எவரும் பேசுவதில்லைப் போலும்.

டென்மார்க்கு 1999 முதல் மிருக வைத்தியரின் மருந்துச்சீட்டின்றிப் புழுமருந்து பெறுவதைத் தடுத்தது. எதிர்த்தரப்பினர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டுவர்: முட்டை எண்ணிக்கையை மட்டுமே நம்பிய டேனியப் பண்ணைகளிற் பெருஞ் செம்புழு மீண்டும் தலைகாட்டியது. இது மறுக்கவொண்ணாதது. இருவகைச் செம்புழுவின் முட்டைகளும் ஒன்றுபோல் இருப்பதால் எண்ணிக்கை ஒன்றே போதாது; ஆண்டுக்கு ஓரிரு முறை பொதுவாக மருந்தூட்டல் தகும். குட்டிகளுக்கோ தனி ஒழுங்கு வேண்டும். ஆயின் ஓரிரு முறை என்பது ஆறு முறை ஆகாது.

நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளையும் வளைத்துப் பிடித்து இரு மாதத்துக்கொருமுறை மருந்தூட்ட வேண்டுமென விடுதியில் ஒருவர் வாதிட்டார். அவற்றின் இலத்தியை எண்ணிப் பார்த்தீரா என வினவினேன், இல்லை என்றார். வெங்கோடையில் வெயிலும் வறட்சியும் புல்லிலுள்ள குடம்பிகளைக் கொல்வன. அதே கோடையில் அத்தீவிற் குதிரைகள் நீரின்றி மடிந்திருக்கின்றன. முதலில் நீர்த்தொட்டிகளை நிரப்புவோம். பின்னர் இலத்தியை எண்ணுவோம்.