ஓசை வேறு, விசை வேறு!

இரவு மணி பதினொன்று. இரண்டாம் ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளி, ஆறிப்போன சோற்றைத் தின்றுவிட்டு அப்போதுதான் பாயில் தலை சாய்க்கிறான். பக்கத்து வீட்டிலே, காய்ச்சலில் கிடந்த குழந்தை அழுது ஓய்ந்து அன்னையின் தோளிலே கண்ணயர்கிறது. தெரு அடங்குகிறது; தெருநாயும் அடங்குகிறது. அந்த நேரம் பார்த்துக் கிளம்புகிறது ஒரு முழக்கம்! இடியா? இல்லை. வெடியா? அதுவும் இல்லை. மோட்டார் சைக்கிள்! புதுச் சைலன்சர் பூட்டிய மோட்டார் சைக்கிள்! குழந்தை வீறிட்டு அலறுகிறது. தொழிலாளி எழுந்து உட்கார்ந்து சபிக்கிறான். சைலன்சர் என்றால் சத்தத்தை அடக்குவது என்று பொருளாம்! பெயரோ அமைதி; வேலையோ ஆர்ப்பாட்டம்!

"பிடி, அபராதம் போடு, பிடுங்கி எறி" என்று உடனே கூறுவோர் உண்டு. நாம் அப்படி ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டு நகர்ந்துவிட விரும்பவில்லை. ஏனெனில், அந்த வண்டியின்மீது குனிந்து உட்கார்ந்திருப்பவன் அரண்மனைப் பிள்ளை அல்லன். நம் வீட்டுப் பிள்ளை. லேத் ஓட்டுகிறான், பொருள் சுமக்கிறான், வீடு வீடாகச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். மாதம் பிறந்தால் தவணை கட்டுகிறான். அவனை ஏசுவதற்கு முன்னே, அவனை ஏய்த்தவர் யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

சென்ற திங்கள், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் நம்மைக் காண வந்தான். வாசலுக்கு அவன் வருமுன்பே வந்துவிட்டது அவன் வண்டியின் ஓசை!

"என்ன தம்பி, ஊரே அதிருதே?" என்றோம்.

"ஊருதான் அதிருது அண்ணே, வண்டி நகர மாட்டேங்குது!" என்றான்.

விவரம் கேட்டோம். பந்தயச் சாயல் கொண்ட பழைய வண்டி. கார்புரேட்டர் காலத்து வண்டி. கடன் வாங்கி வாங்கியது. பாதி மாதச் சம்பளத்தைக் கொட்டி, ஒரு கடையிலே புதுச் சைலன்சர் வாங்கினானாம். "மாட்டினால் போதும், பறக்கும்" என்றாராம் கடைக்காரர். மாட்டினான். பறந்தது பணம்தான்! சிக்னலில் கிளம்பும்போது வண்டி விக்குகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டால் பட் பட்டென்று வெடிக்கிறது. சிறிது தொலைவு ஓட்டினால், முழங்காலில் அனல் அடிக்கிறது.

அவனை அழைத்துக்கொண்டு, நமக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனோம். சோழவரம் பழைய விமானத் தளத்திலே மோட்டார் பந்தயம் நடந்த நாட்களில், சிறுவனாக நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர் அவர். வண்டியைச் சுற்றிவந்து பேசவில்லை; விளம்பரம் பேசவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார், வெளிச்சத்தில் காட்டினார். அதன் பீங்கான் முனை, சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இஞ்சினுக்குப் பசி தம்பி. காத்தை மட்டும் குடுத்திருக்க, சோறு போடல" என்றார்.

ஒரு வரி! புத்தகம் சொல்வதை எல்லாம் அந்த ஒரு வரியிலே அடக்கிவிட்டார்.

கொல்லன் பட்டறையை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உலையிலே கரி, பக்கத்திலே துருத்தி. துருத்தியை இரு மடங்கு வேகமாக இழுக்கிறான் ஒருவன். ஆனால் கரியை மட்டும் கூட்டிப் போட மறுக்கிறான். இரும்பு பழுக்குமா? மோட்டார் பொறியும் ஓர் உலைதான். பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையிலே 14.7 பங்கு காற்று வேண்டும். முழு விசை வேண்டுமானால் பெட்ரோல் இன்னும் சற்றுக் கூட வேண்டும்; ஏறத்தாழ 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது, அந்தச் சைலன்சருக்கு ஏற்ற அளவில்தான் பெட்ரோலின் வழி அமைக்கப்பட்டிருக்கிறது. தடையில்லாத குழாயைப் பூட்டினால், எரிந்த புகை எளிதாக வெளியேறுகிறது. புதுக்காற்று கூடுதலாக உள்ளே வருகிறது. பெட்ரோலோ பழைய அளவிலேயே நிற்கிறது. கலவை மெலிகிறது. மெலிந்த கலவை வண்டியை விக்க வைக்கும், சூடேற்றும். எல்லை மீறினால் புகை வால்வைத் தீய்க்கும், பிஸ்டனில் ஓட்டை போடும். பாதி மாதச் சம்பளத்திற்கு வாங்கிய ஓசை, மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்!

"குழாய் எவ்வளவு அகலமோ, அவ்வளவு விசை" என்று ஒரு கட்டுக்கதை உலவுகிறது. வரலாறு என்ன கூறுகிறது? கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் ஆலையில், 1953 முதல் பந்தயப் பிரிவை நடத்தினார் வால்ட்டர் காடன் என்னும் பொறியாளர். செல்வம் கொழித்த ஆலையல்ல அது. எதிரே நின்றவையோ பெரும் பெரும் நிறுவனங்கள். காடன் என்ன செய்தார்? ஓசையைக் கூட்டினாரா? இல்லை, ஓசையைப் படித்தார்! டூ ஸ்ட்ரோக் பொறியிலிருந்து புறப்படும் அழுத்த அலை, குழாயிலே சென்று, மோதி, திரும்பி வருவதை அளந்தார். நடுவில் விரிந்து, முடிவில் குறுகும் குழாயைச் செம்மைப்படுத்தினார். வெளியே தப்பி ஓடப் பார்த்த புதுக்கலவையை, திரும்பி வரும் அலை மீண்டும் சிலிண்டருக்குள்ளேயே தள்ளியது. 1961-இல், வெறும் 125 சி.சி. பொறி ஏறத்தாழ 25 குதிரைத்திறன் தந்தது! அதே ஆண்டு செப்டம்பரில், சுவீடன் பந்தயத்தின்போது, அந்த ஆலையின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டுத் தப்பினார். தாம் கற்றதை ஜப்பானின் சுசுகிக்குக் கொண்டு சேர்த்தார். 1962-இல் 50 சி.சி. பிரிவிலே உலகப் பட்டம் அவருக்கு! அவர் சுமந்து சென்றது ஓசையையா? அல்ல, அளவறிந்த அறிவை!

இங்கே என்ன நடந்தது? 1985-இல் வந்து 1996 வரை உற்பத்தியான யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ நம் இளைஞர் மறக்கவில்லை, இன்றும் கொண்டாடுகின்றனர். ஆனால் அதன் சைலன்சரின் உட்குழலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இப்போதுதான் வண்டி வண்டியாயிற்று" என்று மார்தட்டியவர் எத்தனை பேர்! கூடியது காதுக்கு ஓசை. காலுக்குக் கீழே இழுவை கூடவில்லை.

அப்படியானால் சைலன்சரை மாற்றவே கூடாதா? பந்தயத் திடலுக்குப் போகிறவன் மாற்றலாம்; எடை குறையும், உச்ச வேகத்திலே விசையும் சற்றுக் கூடும். ஆனால் குழாயை மாற்றுவது பாதி வேலை. சுதி சேர்ப்பது மறு பாதி. நாதசுரத்துக்கு வேறு சீவாளி போட்டவர், ஊதிப் பார்த்துப் பதம் பண்ணாமல் மேடையேறுவாரா?

அந்த முதியவர் செய்த முறையைக் கூறுகிறோம். பட்டறையில் நிற்கும் தோழர்களுக்குப் பயன்படும். முதலில், குழாய் சேரும் இடத்திலே காற்றுக் கசிகிறதா என்று பார்த்தார். கசிந்தால் அதுவே பட் பட்டென்ற வெடிக்குக் காரணமாகலாம். புதிய கேஸ்கெட் போட்டார். ஏர் பில்டரைச் சுத்தம் செய்தார். பிறகுதான் கார்புரேட்டரில் கை வைத்தார். முழு ஆக்ஸிலேட்டருக்குப் பொறுப்பு மெயின் ஜெட். ஓர் அளவு பெரியது போட்டார். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை பொறுப்பு ஊசிக்கு. அதன் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினார். ஊசி மேலேறி, பெட்ரோல் கூடியது. கால் பங்குக்குக் கீழே பைலட் ஜெட்டும் அதன் திருகும். அவற்றை இறுதியில், இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சிறிது சிறிதாகத் திருப்பிச் சீராக்கினார். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்! மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதினார்! இரண்டை ஒன்றாக மாற்றினால், குணப்படுத்தியது எது, கெடுத்தது எது என்று யார் அறிவார்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் பிளக்கைப் பார்த்தார். வெள்ளை என்றால் பசி. கரி படிந்தால் அசீரணம். பால் கலந்த தேநீர் நிறம் வந்தால் அளவு சரி. மாலைக்குள் அந்த நிறம் வந்தது, இழுவையும் வந்தது.

இன்று வருவன புதுவகை வண்டிகள். 2020 ஏப்ரல் முதல் நாள் பி.எஸ். 6 விதி வந்தபின், பெட்ரோலை அளந்து தெளிப்பது இ.சி.யு. என்னும் மின்னணு மூளை. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் செய்தி சொல்ல, மூளை அளவைத் திருத்துகிறது. "அதுவே சரிசெய்துகொள்ளும்" என்று வாணிகர் கூறுவது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கேடு! சீராக ஓடும்போதுதான் சென்சாரின் சொல் எடுபடும். முழு வேகத்தில், முன்பே எழுதிவைத்த கணக்குப்படிதான் பெட்ரோல் பாயும். அந்தக் கணக்கைத் திருத்த, பின்சக்கரத்தை உருளைமீது ஓடவிட்டு விசையையும் கலவையையும் ஒருங்கே அளக்கும் டைனோ வேண்டும். அதை இயக்கத் தெரிந்தவர் வேண்டும். அன்றியும், தொழிற்சாலைக் குழாயினுள்ளே, கார்பன் மோனாக்சைடு முதலிய நஞ்சுகளை மாற்றி வெளிவிடும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்தால், அந்த நஞ்சு நேரே யார் மூச்சிலே போகும்? சாலையோரத்தில் பூக்கட்டும் தாயின் மூச்சிலே!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 80 முதல் 175 சி.சி. வரையுள்ள வண்டி 77 டெசிபலும், அதற்கு மேற்பட்டது 80 டெசிபலும் தாண்டலாகாது என்று உற்பத்தியாளருக்கு வரம்பு உண்டு. பத்து டெசிபல் கூடினால் 'பத்துதானே' என்று எண்ணாதீர்கள். ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது! ஓசை, புகை விதிகளை மீறிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவின்படி, முதல் குற்றத்துக்கே மூன்று திங்கள் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்களைப் பல நகரங்களிலிருந்து காண்கிறோம். நல்ல காட்சி! ஆனால் கேட்கிறோம்: இளைஞனின் குழாயைத் தேடி வந்த ரோலர், அதை விற்ற கடையின் வாசலுக்கு ஏன் வருவதில்லை? "பந்தயத் திடலுக்கு மட்டும்" என்று மூலையிலே பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டு, தெருவில் ஓட்டுபவனுக்கே விற்கிறார்களே, அந்த வாணிகத்துக்கு எந்தப் பிரிவு? நசுக்கப்பட்டது இரும்பு மட்டுமா? ஒரு தொழிலாளியின் பாதி மாதக் கூலியும் அல்லவா!

ஆகவே சொல்கிறோம். வாங்கியவனைப் பிடிக்கும் கை, விற்றவனையும் பிடிக்கட்டும். தொழிற்பயிற்சி நிலையங்களிலே, பட்டறைத் தோழர்களுக்கு இந்தக் கலையை மாலை வகுப்பாகக் கற்றுத் தரட்டும். அரசுப் பாலிடெக்னிக்குகளில் ஆளுக்கொரு சிறு கட்டணத்தில் டைனோ கிடைக்கட்டும். இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையின் காரி திடலிலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. ஏழை வீட்டு இளைஞனும் கட்டுப்படியாகும் கட்டணத்தில் அங்கே ஓட்ட நாள் ஒதுக்கட்டும். வேகம் வேண்டும் என்பது இளமையின் இயல்பு. அதற்கு இடம் காட்டாமல் இடித்துரைத்துப் பயன் இல்லை.

அந்தத் தம்பி என்ன செய்தான் தெரியுமா? மெக்கானிக் சொற்படி பழைய சைலன்சரையே மீண்டும் பூட்டினான். பழைய ஜெட்டையும் பழைய ஊசி அளவையும் சேர்த்தே பூட்டினான். குழாய் மாறினால் அளவும் மாற வேண்டும் என்ற பாடத்தை அவன் கற்றுவிட்டான். புதுக்குழாய் துணியிலே சுற்றியபடி பரண்மேல் இருக்கிறது. திடலுக்குப் போகும் நாளுக்காக. சென்ற ஞாயிறு மீண்டும் நம் வீட்டுக்கு வந்தான். வந்தது நமக்குத் தெரியவே இல்லை. கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது!

"இப்போ எப்படி தம்பி?" என்றோம்.

"சத்தமே இல்ல அண்ணே, ஆனா இழுக்குது பாருங்க!" என்றான்.

நிறைகுடம் தளும்பாது. தெருவை எழுப்புவது வீரம் அல்ல. தன் கைப் பொறியின் நாடி அறிவதே வீரம். பூட்டுமுன் அளவு கேளுங்கள். பூட்டியபின் சுதி சேருங்கள். முழங்க வேண்டுமா, திடலுக்குச் செல்லுங்கள். தெருவிலே உறங்கும் குழந்தை, உங்கள் தங்கையின் குழந்தையாகவும் இருக்கலாம்!