போருக்குப் பழகிய குதிரைகள்



கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச்சந்தையில் குதிரைகளும் விலைபேசப்படுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அவ்வூரிலேயே 1767 செப்டம்பரில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி ஸ்மித்தின் படையும் மோதின. அன்று ஐதர் பின்வாங்கினார். ஆயினும் 1769-இல் அவருடைய குதிரைப்படை சென்னையை நெருங்கி நின்றபோது, கம்பெனியார் உடன்படிக்கைக்கு இணங்க நேர்ந்தது. குதிரையின் வலிமை அத்தகையது!

ஆனால், குதிரையைச் சந்தையில் வாங்கி, மறுநாளே போருக்கு அனுப்புதல் இயலாது. அதனை ஊட்டி வளர்க்கவும் பழக்கவும் இராணுவம் அமைத்த இடங்களே 'ரிமவுண்ட் டிப்போ' எனப்பட்டன. ஓசூரை அடுத்த மத்திகிரியில், இராணுவக் குதிரைகளுக்கென 1824-இல் தொடங்கப்பெற்ற பண்ணை, நம் மாநிலத்தில் இதற்குச் சான்றாகும். ஏறத்தாழ 1,600 ஏக்கர் பரப்பும், குளிர்ந்த மேட்டுநிலமும் அதற்கு வாய்த்தன.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து கப்பலில் வந்தமையால் 'வேலர்' எனப் பெயர்பெற்ற குதிரைகளை இந்தியப் படை பெரிதும் விரும்பியது. நெடுங்கடற்பயணத்தால் மெலிந்து இறங்கும் குதிரைகளுக்கு முதலில் வேண்டுவது ஓய்வு. நோயுற்றவற்றைப் பிரித்து வைப்பர். புல்லும் கொள்ளும் கொடுத்துத் தேற்றுவர். பின்னர்ச் சேணத்திற்கும் கடிவாளத்திற்கும், இறுதியில் துப்பாக்கி ஓசைக்கும் பழக்குவர். இயல்பிலேயே வெருண்டோடும் விலங்கு, தன்னைப் பேணுபவர்மீது வைத்த நம்பிக்கையினால் அச்சத்தை அடக்கக் கற்றுக்கொள்கிறது.

அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த கைம்மாறு யாது? முதல் உலகப் போர்க்காலத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடுகளுக்குச் சென்றன. பல இந்தியப் படையிலும் சேர்ந்தன. அவற்றுள் தாயகம் திரும்பியது ஒன்றே ஒன்று! 1915-இல் கலிப்போலிப் போரில் காயமுற்று இறந்த தளபதி பிரிட்ஜஸின் 'சாண்டி' என்னும் குதிரை அது. மற்றவை களத்திலும் நோயாலும் மடிந்தன. எஞ்சியவை வேறு படைகளுக்கு மாற்றப்பட்டன, விற்கப்பட்டன, அல்லது சுட்டுக் கொல்லப்பட்டன. கப்பற்செலவும் தொற்றுநோய் அச்சமும் காரணங்களாகக் கூறப்பட்டன. போருக்கு அனுப்பும்போது எவரும் செலவு பார்க்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

காலம் மாறியது; குதிரையின் இடத்தை இயந்திரம் பிடித்துக்கொண்டது. மத்திகிரிப் பண்ணையும் 1924-இல் கால்நடைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, இன்று அரசுக் கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது.

பயன் தீர்ந்ததும் கைவிடும் வழக்கம் போர்க்களத்தோடு நின்றுவிட்டதா? ஏர் இழுத்துத் தளர்ந்த எருதும், பால் வற்றிய பசுவும் நம் கொட்டில்களிலேயே உள்ளன. உழைக்கும்போது கொடுப்பது கூலி. உழைப்பு ஓய்ந்தபின் கொடுப்பதே நன்றி.