பார்த்து வரைந்தவர்கள்

எதிர்வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் பாளையக்காரர் பூலித்தேவர் படம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். போஸ்டரைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தவன், பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, இதை மொதமொதல்ல அவரைப் பாத்து வரைஞ்சது யாரு?"

யாரும் இல்லை. நாம் மாலை போடும் முகம் பிற்காலத்து ஓவியர்களின் கற்பனை.

"அப்போ வரையத் தெரிஞ்சவங்க யாருமே இந்தப் பக்கம் வரலியா?"

வந்தார்கள். ஒரு தலைமுறை தள்ளி, குற்றாலத்துக்கே வந்தார்கள்.

தாமஸ் டேனியல் 1749-ல் இங்கிலாந்தில் சத்திரக்காரர் வீட்டில் பிறந்தவர். முதலில் கற்றது கோச்சு வண்டிகளுக்குச் சித்திரம் எழுதும் தொழில். லண்டனில் பிழைப்பு சூடுபிடிக்கவில்லை. உடன்பிறந்தவரின் மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு 1785-ல் கப்பலேறினார். பையனுக்கு மீசை அரும்பும் வயது. சீனா வழியாகக் கல்கத்தா சேர்ந்து, வடக்கே இமயமலைப் பக்கம் வரை சுற்றினார்கள். வரைந்ததில் பலவற்றைக் கல்கத்தாவில் குலுக்கல் சீட்டு போட்டு விற்றார்கள். அந்தக் காசோடு 1792-ல் மதராஸில் இறங்கி, திருச்சி, மதுரை தாண்டி நம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார்கள். பாபநாசம் அருவியையும் குற்றாலத்து அருவியையும் வரைந்தார்கள்.

கூடவே ஓர் இருட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். வில்லை வழியே நுழையும் வெளிச்சம் எதிரே இருப்பதைக் காகிதத்தில் படமாக விழவைக்கும். கோடுகளை ஒற்றி எடுத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பியபின் செப்புத் தகட்டு வேலை. தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடுகாட்டி, அமிலத்தில் வைத்தால், தூள் மறைக்காத இடமெல்லாம் பொடிப்பொடியாக அரிக்கும். அந்தக் குழிகளில் மை தங்கி, நீர்வண்ணம் தீட்டியதுபோல் அச்சு விழும். சாரலை அச்சில் கொண்டுவர அதைவிடத் தோதான முறை அன்று இல்லை. 1795 தொடங்கி 1808 வரை இப்படி 144 படங்கள் போட்டார்கள். முழுத் தொகுதியின் விலை 210 பவுன். வாங்கியவர்கள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. தாமஸ் தொண்ணூறு வயதைத் தொட்டு 1840-ல் மறைந்தார். வில்லியம் அவருக்கு மூன்று வருஷம் முன்பே போய்விட்டார்.

டேனியல்கள் வந்த 1792-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை ஆற்காட்டு நவாப்பிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் கைமாறியது அந்த வருஷம்தான். கயத்தாற்றில் பாளையக்காரர் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799-ல். நம் அருவிகள் லண்டனில் அச்சேறியது அதற்கும் பிறகு. சீமையே பற்றி எரிந்து அடங்கியிருக்க, படத்தில் தண்ணீர் மட்டும் சாந்தமாக விழுந்துகொண்டிருந்தது. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. வழிப்போக்கர் கண்ணுக்கு அருவிதான் தெரியும்.

அமெரிக்காவின் மேற்கு எல்லையில் வழிப்போக்கராக இல்லாமல் உள்ளேயிருந்தே வரைந்த ஓவியர்கள் இருந்தார்கள். சார்லஸ் ரஸ்ஸல் என்பவரை எனக்குப் பிடிக்கும். 16 வயதில் மொன்டானாவுக்குப் போய் மாடு மேய்த்தவர். 1886-87 குளிர்காலத்தில் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. மந்தை எப்படி இருக்கிறது என்று முதலாளி விசாரிக்க, பதிலாகத் தபால் அட்டை அளவில் ஒரு படம் போட்டார்: எலும்பும் தோலுமாக ஒற்றை மாடு, அது விழட்டும் என்று சுற்றிக் காத்திருக்கும் ஓநாய்கள். அந்தப் படம்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. மாட்டோடு குளிரில் நின்றவன் கை வரைந்தது அது.

பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டைக்கு அப்படியொரு கை வாய்க்கவில்லை. கம்பெனிப் படைத்தலைவன் யூசுப் கானை விரட்டிய மண்கோட்டை இது. 1767-ல் கம்பெனித் தளபதி டொனால்ட் காம்ப்பெல் பீரங்கிகளோடு வந்தான். குண்டு பிளந்த சுவரை உள்ளிருந்தவர்கள் பனைமரத்தாலும் வைக்கோலாலும் ஈரச் செம்மண்ணாலும் உடனுக்குடன் அடைத்துக்கொண்டே இருந்தார்களாம். அந்தத் துணிச்சலை எழுதிவைத்தது நம்மவர் இல்லை, எதிரில் நின்ற காம்ப்பெலே. கடைசியில் கோட்டை விழுந்தது. ஒரு கோட்டோவியம்கூட மிஞ்சியதாகத் தெரியவில்லை.

இதைச் சொன்னதும் பையன் கேட்டான்: "பனைமரத்தை எப்படித் தாத்தா தூக்கியிருப்பாங்க?" தெரியவில்லையடா, வரைந்து பார் என்றேன். முகத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதுத் தாளில் ஒரு சுவரையும், அதில் ஓட்டையையும், பனந்தடியைத் தோளில் சுமந்து நாலு பேரையும் போட்டான். நாலாவது ஆளுக்குக் கால் குட்டையாகப் போயிற்று. பரவாயில்லை.

நம் பக்கத்து ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்தநாளுக்குப் பிள்ளைகளை அந்த மீசையையே வரையச் சொல்லாதீர்கள். அந்தச் சுவரை அடைத்தவர்களை வரையச் சொல்லுங்கள். பனையும் வைக்கோலும் செம்மண்ணும் இங்கே இன்னும் கண்ணெதிரே இருக்கின்றன. அவற்றையாவது பார்த்து வரையலாம்.