ஊதாரி என்னும் புரவி

குதிரைப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நமது கல்லூரி நண்பர்களிற் பலர் முகஞ் சுளிப்பர். அவ்வெறுப்பு நியாயமற்றதன்று. வாலிகண்டபுரத்தில் எம் உறவினரொருவர் கிண்டிப் பந்தயத்திற் பணம் வைத்துப் பழகி, முடிவிற் பருத்தி விளையும் கரிசல் நிலம் இரண்டு ஏக்கரையும் விற்றதை யாம் சிறுவயதிற் கண்டோம். அவர் இறுதிவரை குதிரையையே வைதுகொண்டிருந்தார். குதிரை என்ன பிழை செய்தது?

இந்நாட்டிற் பிறந்து வளர்ந்த பந்தயக் குதிரைகளுள் ஸ்குவாண்டரர் என்பது தலைசிறந்தவற்றுள் ஒன்று. அப்பெயருக்குத் தமிழில் ஊதாரி என்பது பொருள். அவ்வூதாரி ஓடிய பந்தயங்கள் 19, வென்றவை 18. 1977இல் பம்பாயில் இந்திய டெர்பி என்னும் பெரும் பந்தயத்தையும் அதுவே வென்றது. அதனைப் பயிற்றியவர் பெங்களூர் ரஷீத் பைராம்ஜி. அந்த டெர்பியைப் பலமுறை வென்றவர். அதிர்ஷ்டம் ஒருவரிடத்தே பலமுறை வருமென்று நம்புவோர் நம்புக, யாம் நம்பவில்லை.

குதிரை எம்மூர்க்குப் புதிதன்று. 1751இல் சந்தா சாகிபின் சேனையும் ஆங்கிலேயர் சேனையும் வாலிகண்டபுரத்தருகே பொருதன. அக்காலத்துப் படைகளிற் குதிரைக்கு முதலிடம். ஆயினும் குதிரையைப் பேணும் வித்தையில் நம் முன்னோர் பின்தங்கியிருந்தனர் என்பதை ஒளிப்பானேன்? பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பாண்டிநாடு வந்த மார்க்கோ போலோ, கடல்கடந்து ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய புரவிகள் ஓராண்டுக்குள் பெரும்பாலும் மடிந்தன என்றெழுதினார். சோற்றோடு இறைச்சி கலந்து ஊட்டினார்களாம். பிணி தீர்ப்பாரும் இலராம். அதே கீழ்த்திசைப் புரவிகளை ஆங்கிலேயர் கொண்டுபோய், வமிசாவளி பிழையாது எழுதிவைத்து, தரோபிரெட் என்னும் இனத்தை உண்டாக்கினர். 1764இற் பிறந்து 18 பந்தயங்களில் ஒன்றேனும் தோலாத எக்லிப்ஸின் சந்ததியே, தந்தைவழியில், இன்று அவ்வினத்துட் பெரும்பாலானவை. மடிந்துபோன பாண்டியன் புரவிகட்கும் ஸ்குவாண்டரருக்கும் இடையே நின்ற வேற்றுமை தீனியும், லாடமும், ஏடும், விடியற்காலத்து உழைப்புமேயாம்.

பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாட்டரசு 1974இற் சட்டமியற்றிற்று. 1996இல் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையின்பாற்பட்டது, சூதன்று என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை மதிக்கிறோம், எனினும் அத்திறமை யாருடையது என்பதில் எமக்கு ஐயமில்லை. லாயத்திலுள்ளவனுடையது அது. சீட்டு வாங்கி வேலிக்கப்பால் நிற்பவன் அதிற் பங்கு கேட்பது பொருந்தாது. எம் உறவினர் குதிரையின் பல்லைக்கூடப் பார்த்தவரல்லர்.

2024 செப்டம்பரில் அரசு குத்தகையை இரத்துசெய்து கிண்டி மைதானத்தைப் பூட்டிற்று. வழக்குகளும் எழுந்தன. அந்நிலம் குளமாகுக, பூங்காவாகுக. பணயம் வைப்போர்க்காக யாம் கண்ணீர் சொரியோம். ஆனால் குளம்பைத் தொட்ட மாத்திரத்தே நோவறியும் லாடக்காரரும், குட்டி முதற் பழக்கி வளர்த்த லாயத்தாரும் சிதறிப்போயின், அவர் கையறிந்தவை எந்நூலிலும் அகப்படா. 1903இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியார் அவர்களை அழைத்து உட்காரவைத்து, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வாராக. நமது பழைய மாணவர் எவரேனும் அங்கு இருப்பின், இதனை முதலில் எடுத்துரைக்க வேண்டுகிறோம்.